பதினான்காவது கேசட்

2014 அக்டோபர் 16, வியாழன். பிழை: பதினான்காவது கேசட்டின் வேகத்தைச் சரிபார்க்காமலே அதில் கேட்ட ஊதலை நம்பிவிட்டேன். சிறிய பிழைதான். ஆனால் அதை என்னோடு வைத்துக்கொள்ளாமல் இருபத்திரண்டு பேருக்குப் போட்டுக் காட்டிவிட்டேன்.

ஓடெட் இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். நோட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தது. கார் தேவாலயத்துக்கு எதிரே நின்றது. மதியம் பன்னிரண்டு அடித்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் அவள் மறுபடி உட்கார இன்னும் இருபத்தாறு நிமிடம் இருந்தது. வேலை முடிந்த பிறகு திங்களும் புதனும் அவள் மாலைக் கல்லூரியில் பழைய ஒலிப்பதிவுகளைச் செப்பனிடும் வகுப்புக்குப் போகிறாள். ஒவ்வொரு நாள் குறிப்பும் அன்று செய்த பிழையோடுதான் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. பிழையே இல்லை என்று எழுதுகிறவர் ஒழுங்காகக் கேட்கவில்லை என்று அர்த்தம் என்பார் வகுப்பு எடுக்கும் பெண்மணி. ஓடெட்டுக்கு அந்த விதியால் ஒருநாளும் கஷ்டம் வந்ததில்லை. பிழை அவளுக்குத் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது.

நேற்று வகுப்பில் அந்தப் பெண்மணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த கேசட் சரியான வேகத்துல ஓடுதுன்னு உனக்கு எப்படி தெரியும்?"  1983இல் கழுத்தில் தொங்கவிட்ட சின்ன ரெக்கார்டரில், பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் பதிவு செய்த கேசட் அது. பேட்டரி இறங்கினால் நாடா மெதுவாக நகரும். மெதுவாகப் பதிந்ததை இன்றைய நல்ல கருவியில் ஓடவிட்டால் எல்லாச் சத்தமும் வேகமாகும், உயரும். மாறாத சத்தம் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார், அதை வைத்து அள என்றார் அவர்.

மாறாத சத்தம் இருந்தது. டிரம்பெட் ஊதலுக்குச் சற்று முன்னால் இந்தத் தேவாலயத்தின் மணி. இன்று காலையே ஓடெட் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் போய், அன்றிருந்த மணிதானா இது என்று கேட்டாள்.

"வெள்ளத்துல பெஞ்சு போச்சு, பியானோ போச்சு, பாதிரியாரும் ஹூஸ்டனுக்குப் போனவர் திரும்பல," என்றார் அவர். "மணி மட்டும் எங்கயும் போகல. அதுக்கு வேற போக்கிடம் இல்ல பாரு."

இப்போது பன்னிரண்டு மணிக்கு அது அடித்தபோது போனில் அளந்தாள். கேசட்டில் இருந்த மணியைவிட நிஜ மணி ஒரு முழு ஸ்வரம் கீழே இருந்தது. மூன்று அடிகளை அளந்தாள். மூன்றும் ஒன்றுதான். மடிக்கணினியில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இரண்டு மணிகளும் ஒன்றான இடத்தில் நிறுத்தி, ஊதலைக் கேட்டாள். அதற்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன உறிஞ்சல், சூப்பின் சூட்டைப் பார்க்கிற மாதிரி. பிறகு ஐந்து ஸ்வரங்கள்.

அவளுடைய அப்பா.

இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. மூன்று மாதமாக அவள் அப்பாவை முப்பத்தேழு கேசட்டுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். களைத்துப் போயிருந்தாள்.

*

நூமா ரூசெல் இறந்து ஒன்பது நாளாகிறது. எழுபத்துமூன்று வயது. சனிக்கிழமை அடக்கம். அவர் எந்த வகை இசைக்காரர் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் போனில் கேட்டபோது ஓடெட், "டிரம்பெட்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் சொன்னால் ஏதாவது ஒரு பக்கம் கோபித்துக்கொள்ளும்.

இந்த ஊரின் ஏழாம் வார்டில் பிறந்து, பன்னிரண்டு வயதில் தெரு பேண்டில் சேர்ந்தவர் அவர். இருபது வயதில் நியூயார்க்கில் நவீன ஜாஸ் நால்வர் குழுவோடு வாசித்தார். அங்கே அவரைத் தெருவில் ஊதுகிறவன் என்றார்கள். திரும்பி வந்து நடனப் பாட்டுகளுக்கு ஸ்டூடியோவில் வாசித்தார். நியூயார்க்காரர்கள் விலைபோய்விட்டான் என்றார்கள். மயாமியில் கியூபா பேண்டில் இரண்டு வருடம். நாஷ்வில்லில் நாட்டுப்புறப் பாடகர்களுக்குப் பின்னால் மூன்று வருடம். அதை ஊரில் ஒருவரும் மன்னிக்கவில்லை. ஞாயிறு காலையில் கிடைத்த தேவாலயத்தில் வாசித்தார், அது கத்தோலிக்கமா பாப்டிஸ்டா என்று பார்க்கவில்லை. கடைசியில், ஒரு ராப் பாடகர் அவருடைய பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து எட்டு வினாடியை வெட்டியெடுத்துத் தன் பாட்டு முழுக்கத் திருப்பித் திருப்பி ஓடவிட்டார். நூமா வாழ்நாளில் வாசித்த அத்தனையையும் கேட்டவர்களைவிட அந்த எட்டு வினாடியைக் கேட்டவர்கள் அதிகம். கார்கள் கண்ணாடி அதிர அதை அலறவிட்டுக்கொண்டு வாசலைக் கடந்து போகும்போது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒன்பதாவது வினாடிதான் நல்லா இருக்கும்," என்பார்.

ஏன் இப்படி ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தீர்கள் என்று ஓடெட் ஒருமுறை கேட்டாள்.

"கூப்பிட்டாங்க, போனேன்," என்றார்.

எங்கே போனாலும் ஊருக்குத் திரும்பி வந்ததும் அவர் சங்கத்தின் பேண்டோடு நடந்தார். சங்கம் என்பது நூறு வருடத்துக்கு மேலாக அந்த வட்டாரத்தில் உறுப்பினர்களை நோயில் பார்த்துக்கொண்டு, சாவில் பேண்டோடு எடுத்துப் போகிற சங்கம். தேவாலயத்திலிருந்து பேண்ட் மெதுவான பாட்டு வாசித்தபடி பெட்டியோடு நடக்கும். டிரம்மின் அடியில் கைக்குட்டை செருகியிருக்கும், சத்தம் அமுங்கிக் கேட்க. மூலைக்கு வந்ததும் பேண்ட் இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கும். நடுவில் சவ வண்டி போகும். அதைத்தான் உடலை விடுவது என்பார்கள். வண்டி கண்ணில் மறைந்த பிறகு முதல் டிரம்பெட்காரர் தன் அழைப்பை ஊதுவார். டிரம்காரர் கைக்குட்டையை உருவுவார். அதன் பிறகுதான் துள்ளல் இசை, பின்னால் வருகிற கூட்டத்தின் ஆட்டம், சுழலும் குடை, எல்லாம். அதற்கு முன்னால் ஒரு கால் ஆடினால்கூட அது செத்தவரின் முகத்தில் துப்பியதற்குச் சமம்.

1983 ஆகஸ்டில் சங்கத் தலைவரின் தாயார் மிஸ் ஓசியாவை எடுத்தபோது அந்த அழைப்பு முன்னாலேயே வந்துவிட்டது. சவ வண்டி இன்னும் இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது, மகள் மறந்துபோன மலர்வளையத்தை உள்ளே வைக்கக் குனிந்திருந்தாள். ஐந்து ஸ்வரம். கைக்குட்டை உருவப்பட்டது. குனிந்து அழுதுகொண்டிருந்தவளைச் சுற்றி முந்நூறு பேர் ஆடத் தொடங்கினார்கள்.

அன்றிரவே சங்கம் கூடியது. யார் ஊதியது என்று கேட்டபோது நூமா எழுந்து நின்று, "நான்தான்," என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "வெயில் ஜாஸ்தி," என்றார். அவ்வளவுதான். அன்று காலைதான் எங்கோ ஒலிப்பதிவு முடித்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். ஊர் ஊராக மூட்டை சுமக்கிறவன் தலையில் நம் முறை நிற்காது என்றார்கள். பதிவேட்டில் அவர் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தார்கள். பெயர் இல்லாதவரைச் சங்கம் எடுத்துப் போகாது. இரண்டு வாரத்தில் அவர் நாஷ்வில் போனார்.

ஓடெட் அதற்கு மூன்று வருடம் கழித்துப் பிறந்தவள். வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அப்பா சொன்னதும் அதே இரண்டு வார்த்தைதான். சாகும்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக எங்கிருந்தோ பேண்ட் சத்தம் வந்தபோது, போர்வைமேல் அவருடைய மூன்று விரல்கள் டிரம்பெட் வால்வுகளை அமுக்குவதுபோல் அசைந்தன. ஓடெட் அதைப் பார்த்தாள். அவரைச் சங்கம் எடுத்துப் போக வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் அவள் அவருக்காக வேண்டவில்லை.

அந்த வாரம்தான், ஊர்வலங்களை ரெக்கார்டரில் பிடித்துவைத்த, அத்தையின் கணவர் ஹாலிஸ் மாமாவின் பெட்டியில் அவள் பதினான்காவது கேசட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவின் அழைப்பு கீழ் ஸ்வரத்தில் தொடங்கும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் இரண்டாம் டிரம்பெட் ஆமோஸ் முன்னால் நிற்பார்; யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அவர் அப்பாவைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்குவார். கேசட்டில் அழைப்பு மேலே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை சங்க மண்டபத்தில் அதைப் போட்டாள். மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லி எல்லோரும் குனிந்து கேட்டார்கள். இரைச்சலுக்கு நடுவே அந்த ஐந்து ஸ்வரம் மெலிதாக வந்தது. பிறகு யாரும் ஓடெட்டைப் பார்க்கவில்லை, ஆமோஸைப் பார்த்தார்கள்.

ஆமோஸுக்கு எழுபத்தெட்டு வயது. பல் போனதால் டிரம்பெட்டை விட்டுப் பதினைந்து வருடம். கடைசி வரிசை நாற்காலியில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் சத்தம் மாதிரிதான் இருக்கு," என்றார். "அந்த வருஷம் நான் குடிச்சிட்டிருந்தேன். என்ன பண்ணினேன்னு பாதி நாள் ஞாபகமே இல்ல. நானா இருக்கலாம். நூமா ஏன் நான்தான்னு சொன்னான்னு தெரியல. நல்லவன். எனக்காகச் சொல்லியிருப்பான்."

அவர் எழுந்து, ஓடெட் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, "மன்னிச்சுடு கண்ணு," என்றார். அவளுக்கு அப்போது தோன்றியது வெற்றி என்றுதான் அவள் நோட்டில் எழுதியிருந்தாள். இப்போது அந்த வரியை அடிக்கக் கை வந்தது, அடிக்கவில்லை. சங்கம் கை தூக்கி முடிவு செய்தது. சிவப்புக் கோட்டின்மேல் பெயரை மறுபடி எழுதினார்கள். பேண்ட் சனிக்கிழமை நடக்கும்.

*

வேலை முடிந்து நேராக வெர்லி அத்தை வீட்டுக்குப் போனாள். நூமாவின் அக்கா, ஹாலிஸ் மாமாவின் விதவை. சமையல் மேசை முழுக்க வேகவைத்துப் பாதியாகப் பிளந்த சௌசௌ. அத்தை கரண்டியால் உள்ளே இருப்பதைச் சுரண்டி, இறாலோடு பிசைந்து, திரும்ப அடைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்கு நூற்றிருபது பேர்.

"கை கழுவிட்டு வா. மூஞ்சிய பாத்தா உனக்கே சாவு வந்த மாதிரி இருக்கு."

ஓடெட் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மணி, பேட்டரி, ஒரு ஸ்வரம். அத்தை சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"அந்த மனுஷன் பேட்டரி வாங்க மாட்டார். டார்ச்சுல இருந்து உருவி ரெக்கார்டர்ல போடுவார், அப்புறம் கரண்ட் போனா கும்மிருட்டுல உக்காந்து என்னைத் திட்டுவார்," என்றாள். "சரி. யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான்."

"அப்ப முடிஞ்சுது. என்கிட்ட சொல்லியாச்சுல்ல. இறாலை எடு."

"அத்தை, ஆமோஸ் தான்தான் பண்ணினோம்னு நம்பிட்டிருக்கார்."

"ஆமோஸ் அதைவிட மோசமானதெல்லாம் பண்ணியிருக்கான். அதுல ஒண்ணுக்குப் பதிலா இதை வச்சுக்கட்டும்."

"இன்னைக்கு அவர் கடைக்கே வரலையாம். முடிவெட்டற கடையில தினம் உக்காருவார்ல, அங்க நேத்து யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க. மிஸ் ஓசியாவோட பேத்தி."

அத்தை கரண்டியை வைத்தாள். "இங்க பாரு. உன் அப்பனைப் பத்தி முப்பது வருஷம் நான் ஏச்சு கேட்டிருக்கேன். கடையில, கோயில்ல, பஸ்ல. அப்ப யாராவது என் வீட்டுக்கு வந்து விசாரிச்சாங்களா? ரெண்டு நாள் ஆமோஸ் கேட்டா செத்துட மாட்டான். சனிக்கிழமை முடியட்டும். ஞாயித்துக்கிழமை நீ மணி அடிச்சுகிட்டே தெருத்தெருவா சொல்லு."

"ஞாயித்துக்கிழமை சொன்னா, தெரிஞ்சே நடக்க வச்சேன்னு ஆகும்."

"ஆகட்டுமே."

"அப்பா ஊதினது நிஜம், அத்தை. நான்தான்னு அவர் சொன்னார். அதை நான் பொய்யாக்கிட்டேன்."

அத்தை ஒரு சௌசௌவை எடுத்து வெகுநேரம் அடைத்தாள். "நீ அவனை மாதிரிதான்," என்றாள் கடைசியில். அது பாராட்டில்லை. "போறதுன்னா இப்பவே போ. லியாண்டர் ஏழு மணிக்கெல்லாம் படுத்துடுவார். இதுல ரெண்டு எடுத்துட்டுப் போ. வெறுங்கையோட போனா வாசல்லயே நிக்க வச்சுப் பேசுவார்."

*

சங்கத்தின் மார்ஷல் மிஸ்டர் லியாண்டருக்கு எண்பத்துநான்கு வயது. முப்பத்தொரு வருடமாக அவர்தான் பேண்டுக்கு முன்னால் நடக்கிறார். கறுப்புக் கோட்டு, குறுக்கே பட்டை, வெள்ளைக் கையுறை, மார்பில் அணைத்த தொப்பி. அவர் அடியெடுத்து வைத்தால் பேண்ட் நகரும், நின்றால் நிற்கும்.

ஓடெட் போனபோது பட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கறுப்புத் தொப்பி மேசையில், பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் இருந்தது. வறுத்த சிக்கரிக் காப்பி வாசனை.

"வெர்லி அனுப்பினாளா?" என்று தட்டை வாங்கிக்கொண்டார். "அவ எதையாவது அனுப்பினா பின்னாடியே ஒரு கெட்ட செய்தி வரும். உக்காரு."

"மிஸ்டர் லியாண்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"உக்காந்துட்டுச் சொல்லு. நிக்கறவங்க தப்பெல்லாம் பெருசா தெரியும்."

அவள் நோட்டைத் திறந்து வைத்து, வரிசையாகச் சொன்னாள். எண்களையும் சொன்னாள், அது தேவையில்லை என்று சொல்லும்போதே தெரிந்தது, ஆனால் நடுவில் விட்டால் வேறு எங்கேயாவது தப்பு வந்துவிடும் என்று பயம். பிறகு மடிக்கணினியை எடுத்து, சரியான வேகத்தில் அந்த இடத்தைப் போட்டாள். மணி. உறிஞ்சல். ஐந்து ஸ்வரம்.

இஸ்திரிப் பெட்டி பட்டையின்மேல் நின்றுவிட்டது. ஓடெட் எழுந்து அதை நிமிர்த்தி வைத்தாள்.

"நூமா," என்றார் அவர்.

"ஆமா. அப்பாதான். ஆமோஸ் இல்ல. சங்கம் மறுபடி கை தூக்கணும்னா நான் வந்து சொல்றேன். அப்பா பெயரை மறுபடி அடிச்சாலும் சரி. ஆமோஸ்கிட்ட மட்டும் யாராவது முதல்ல சொல்லணும். நானே போறேன். உங்ககிட்ட சொல்லாம போறது சரியில்லன்னு வந்தேன்."

 அவர் நாற்காலியைப் பின்னால் தேடி மெதுவாக உட்கார்ந்தார். வெளியே ஒரு கார் போனது. எட்டு வினாடி, மறுபடி எட்டு வினாடி. கண்ணாடி டம்ளர்கள் அலமாரியில் நடுங்கி அடங்கின.

"நாஷ்வில்ல இருக்கறப்போ அவன் வாசிச்ச பாட்டு ஒண்ணு ரேடியோல வரும்," என்றார். "அந்தப் பாடகன் மூக்கால பாடுவான், எனக்கு ஆகாது. பின்னாடி நூமா ரெண்டே ஸ்வரம். அது வந்தா ஆஃப் பண்ணிடுவேன். அப்புறம் அந்த ரெண்டு ஸ்வரம் வர வரைக்கும் விட்டுட்டு ஆஃப் பண்ணுவேன். உங்கப்பா எங்க போனாலும் சத்தத்தை மாத்திக்கல. ஊர்ல எல்லாரும் மாத்திக்கிட்டான்னு சொன்னாங்க. நானும்தான் சொன்னேன்."

"பரவால்ல."

"பரவால்லன்னு சொல்லாதே. நான் இன்னும் முடிக்கல." தொப்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு வெயில் ஜாஸ்தி."

ஓடெட் நிமிர்ந்தாள். அப்பாவின் வார்த்தை, அப்பாவின் களைப்போடு.

"அது எனக்கு முதல் ஊர்வலம். மார்ஷலா முதல் தடவை. கோயில்ல மூணு மணி நேரம் பூசை, தண்ணிகூட குடிக்கல. மூலைக்கு வந்து வரிசைய பிரிச்சு நிறுத்தினப்போ கண்ணு இருட்டிடுச்சு. மண்டைய பிளக்குது வெயில். வண்டி போற வரைக்கும் தொப்பி இங்க இருக்கணும்." மார்பைத் தொட்டார். "வண்டி போனதும் தலையில போடணும். முதல் டிரம்பெட் வண்டியப் பாக்க மாட்டான். நான் முன்னாடி நிக்கறேன், வண்டி அவனுக்குப் பின்னாடி நிக்குது, அவன் என் தொப்பியதான் பாக்கணும். அதுதான் முறை. உனக்குத் தெரியுமே."

தெரியும். இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"போட்டுட்டேன்," என்றார் மிஸ்டர் லியாண்டர். "விழுந்துடுவேனோன்னு பயம். தலையில போட்டுட்டேன். அவன் ஊதினான். அவன் செஞ்சது சரி."

 நோட்டு திறந்தே கிடந்தது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மனம் எங்கோ போனது; அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அன்னைக்குக் கூட்டத்துல அவன் எழுந்து நின்னான். நான் மூணு நாற்காலி தள்ளி உக்காந்திருந்தேன். ஏன் ஊதினான்னு கேட்டாங்க. லியாண்டரோட தொப்பின்னு சொல்லுவான்னு பாத்தேன். என் பக்கம் திரும்பவே இல்ல. வெயில்னான். நான் உடனே எழுந்திருக்கணும். நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். மறுநாள் மறுநாளாவே போச்சு. அப்புறம், அவன் சொல்லட்டுமேன்னு கோவம். வருஷா வருஷம் ஊருக்கு வருவான், கடையில பாப்பான், 'எப்படி இருக்கீங்க மிஸ்டர் லியாண்டர்'னு கேப்பான். அவன் சொல்லாத ஒவ்வொரு வருஷமும் எனக்கு அவன்மேல வெறுப்பு கூடிச்சு. இதை எந்தப் பாதிரியார்கிட்டயும் சொல்ல முடியாது."

"செவ்வாய்க்கிழமை கேசட் போட்டப்போ..."

"ஆமோஸ்னு ஆச்சு. அப்பாடான்னு இருந்துச்சு." அவர் மறைக்கவில்லை. "நீ இன்னைக்கு வராம இருந்திருந்தா, சனிக்கிழமை அதையும் ஆமோஸ் தலையில வச்சுட்டு நடந்திருப்பேன். நல்லாவே நடந்திருப்பேன். எல்லாரும் பாராட்டியிருப்பாங்க."

காப்பி ஆறிப்போயிருந்தது. ஓடெட் அதைக் குடித்தாள், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று. அவளுக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. அப்பா இந்த வீட்டுக்கு எதிர்த் தெருவில் கடைசிப் பத்து வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். தினம் இரண்டு தடவை இந்த ஜன்னலைக் கடந்திருப்பார். ஹாரன் அடித்திருப்பார், பிள்ளைகளுக்காக.

"அவர் ஏன் சொல்லல?" என்றாள்.

"அதை நீ என்கிட்ட கேக்கறியே. எனக்குத் தெரிஞ்சா நான் இவ்வளவு வருஷம் நல்லா தூங்கியிருப்பேன்." சற்று நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "அவனுக்குப் போறதுக்கு நாலு இடம் இருந்துச்சு. கூப்பிட ஆள் இருந்துச்சு. எனக்கு இந்தப் பட்டையை விட்டா ஒண்ணும் கிடையாது. அதை அவன் பாத்திருப்பான். அப்படித்தான் நினைச்சுக்கறேன். தப்பாவும் இருக்கலாம்."

தப்பாகவும் இருக்கலாம். ஓடெட்டுக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. அப்பாவைப் பற்றி ஒன்பது நாளாக எல்லோரும் உறுதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கிழமை?" என்றாள். அதைக் கேட்கத்தான் வந்தாள் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. 

"பேண்ட் நடக்கும். நூமா பெயரை அடிச்சது தப்புன்னு சங்கம் சொல்லியாச்சு. காரணம்தான் மாறுது, தப்பு தப்புதான். நாளைக்கு மதியம் எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்றேன். என்னை நடக்க விடுவாங்களான்னு தெரியல. விட்டா நடப்பேன்."

"விடலன்னா முன்னாடி யாரு?"

"ஆமோஸ் நடக்கட்டும். அவனுக்குப் பல்லுதான் இல்ல, கால் இருக்கு."

ஓடெட்டுக்குச் சிரிப்பு வந்தது. அது நிற்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முடிவில் அது சிரிப்பாக இல்லை. மிஸ்டர் லியாண்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, சௌசௌ தட்டின் மேலிருந்த துணியை எடுத்துவிட்டு மறுபடி மூடினார்.

"ஒரு உதவி பண்ணு," என்றார். "கண்ணு போனதுல இருந்து எனக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் இல்ல. ஆமோஸ் வீடு நடக்கற தூரம் இல்ல. கூட்டத்துல கேட்டு அவனுக்குத் தெரியக்கூடாது. முதல்ல அவன் வீட்டுக்குப் போகணும். என்னைக் கொண்டுபோய் விடு. உள்ள வரணும்னு இல்ல."

"வேலைக்குப் போகணும். எட்டரைக்கு வந்தா பரவால்லையா?"

"எட்டுக்கே தயாரா இருப்பேன். எனக்கு வேற என்ன வேலை."

வாசலில் அவர் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்டோபர் வெயில், ஒன்றும் செய்யாது. அவள் கார் மூலை திரும்பும் வரை அதைத் தலையில் போடவில்லை. பின்கண்ணாடியில் ஓடெட் அதைக் கவனித்தாள். கவனித்தது சரிதானா என்று அவளுக்குச் சந்தேகமாகவும் இருந்தது, கண்ணாடி அழுக்காக இருந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்கத் தெம்பில்லாமல் அங்கேயே நோட்டை எடுத்தாள். மதியம் எழுதிய வரிகளுக்குக் கீழே எழுதினாள்:

வேகம் சரிசெய்யப்பட்டது. ஊதியவர் நூமா ரூசெல். ஊதியது சரியான நேரத்தில். தொப்பி கேசட்டில் கேட்காது.

நாளை, வெள்ளி: எட்டு மணிக்கு மிஸ்டர் லியாண்டரை அழைத்துக்கொண்டு ஆமோஸ் வீடு. பதினான்காவது கேசட்டின் உறையில் சரியான வேகத்தை எழுத வேண்டும். வேலைக்கு அரை மணி தாமதம் என்று இன்றே போன் செய்ய வேண்டும்.